மரச்செக்கு எண்ணெய் வேணும், மரம் மட்டும் வெட்டக் கூடாதா?

போன ஆனி மாசம் நான் ஒரு பொய் சொன்னேனுங்க. அதைத் திருத்தத்தான் இன்னைக்கு இவ்வளவு நீளமா எழுத உட்கார்ந்திருக்கேன்.

பையன்கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் சென்னையில இருந்து குடும்பத்தோட வந்திருந்தார். காங்கேயம் மாடு பார்க்கணும், குழந்தைகளுக்குக் கிராமத்தைக் காட்டணும்னு வந்தவங்க. நல்ல மனுஷங்க. வெடியால பலகாரம் சாப்பிட்டுட்டு எல்லாரையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்குக் காட்டுல மரவெட்டு. கடவுல நுழையறப்பவே மிஷின் ரம்பத்துச் சத்தம். நாங்க கிட்டப் போகவும் ஒரு வெள்வேலாமரம் சாயவும் சரியா இருந்துச்சு. அந்தத் தம்பியோட சம்சாரம் அப்படியே நின்னுடுச்சு.

"அங்கிள், இவ்ளோ பெரிய மரம்... பாவம் இல்லையா?"

"அது பட்டுப்போன மரம் அம்மிணி"ன்னு சொல்லிட்டேன்.

கீழ கிடந்த கிளையில இலையெல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துச்சு, என்னையும் பார்த்துச்சு. ஒன்னும் சொல்லலை. ஃபோன்ல ரெண்டு படம் எடுத்துக்கிச்சு. பொழுதோட ஊருக்குக் கிளம்புறப்ப அவங்க கார் டிக்கியில காங்கேயத்துல வாங்கின ரெண்டு கேன் கடலை எண்ணெய் இருந்துச்சு. கேன் மேல ஒட்டியிருந்தது: "வாகை மரச்செக்கில் ஆட்டியது".

அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோபம் இல்லை. கோபம் என் மேலதான். நாப்பது வருஷமா செய்யற பண்ணையத்தை, என் அப்பாரு காலத்துல இருந்து செய்யற வேலையை, ஒரு கேள்விக்குப் பயந்து திருட்டுத்தனம் மாதிரி மறைச்சேன். ஏன் மறைச்சேன்? மரம் வெட்டுறவன் பாவின்னு ஊர் உலகமே பேசிப் பேசி, கடைசியில எனக்கே அது ஒட்டிக்கிச்சு. "மரம் வளர்ப்போம்"னு சுவத்துல எழுதாத பள்ளிக்கூடம் இல்லை. வளர்த்த மரத்தை என்ன செய்யறதுன்னு எழுதின ஒரு சுவத்தை நான் பார்த்ததில்லை.

அதனால இப்ப நேராவே சொல்றேன். அது உயிருள்ள மரம். நான்தான் வெட்டச் சொன்னேன். அந்த வாரம் அது மாதிரி பதினோரு மரம் வெட்டினேன். அதனாலதான் என் காடு இன்னும் காடா இருக்குது.

எங்க பேச்சுல காடுன்னா புலி, யானை இருக்கிற இடம் இல்லை. கிணத்துப் பாசனம் இருந்தா தோட்டம், வாய்க்கால் பாசனம் இருந்தா வயல், வானம் பார்த்த பூமின்னா காடு. அதுலயும் கொறங்காடுன்னு ஒன்னு உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் பக்கம் வரைக்கும் பார்க்கலாம். சுத்தியும் முள்கிளுவையில உயிர்வேலி. உள்ள கொழுக்கட்டைப் புல்லு. அங்கங்க குடை விரிச்ச மாதிரி வெள்வேலாமரம். ஆடு, மாடு மேயறதுக்குன்னே மனுஷன் உண்டாக்கின காடு இது. தானா முளைச்ச காடு இல்லை. இதை முதல்ல மனசுல வாங்கிக்கங்க.

மழை கம்மியான சீமை இது. ஐப்பசி, கார்த்திகையில பெய்யறதுதான் பெரிய மழை. அந்த மழையில புல்லு எந்திரிக்கும். தை, மாசிக்கு மேல புல்லு காஞ்சு வைக்கோல் மாதிரி ஆயிரும். பங்குனியில ஆட்டுக்கு வாயில வைக்க ஒன்னும் இல்லாத நேரத்துலதான் வெள்வேலாமரத்து நெத்து உதிர ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசி முழுக்க உதிரும். மரத்தடியில ஆடு பொறுக்கித் தின்னும். கொட்டை சாணியிலயும் புழுக்கையிலயும் வெளிய வந்து, மழைக்கு அங்கங்க முளைக்கும். இங்க கன்னு நடறவன் ஆடுதான். நாங்க செய்யறது, முளைச்சதுல எதை விடறது எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்றது. அந்த முடிவுதான் பண்ணையம்.

என்கிட்ட ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்குது. பெரிய மரம் சுமார் 150. மூனு வருஷத்துக்கு ஒருக்கா, நெத்து உதிர்ந்து முடிஞ்ச பின்னாடி, மழைக்கு முன்னாடி, பத்துப் பன்னண்டு மரம் வெட்டுவேன். கணக்கு போட்டுப் பாருங்க. மொத்தக் காடும் ஒரு சுத்து வர நாப்பது வருஷம் ஆகுது. நாப்பது வருஷத்துல ஒரு வெள்வேலாமரம் நல்லா வைரம் பாஞ்சு நிக்கும். அதுக்கு மேல விட்டா கறையான் ஏறும், உள்ள பொந்து விழும், ஒரு ஆடிக் காத்துல பாதியா முறியும். அப்ப அது விறகுக்குக்கூட அரை மரம்தான்.

எந்த மரத்தை வெட்டுறதுன்னு அப்பாரு ஒரு முறை வெச்சிருந்தார். வெட்டப்போற மரத்தைச் சுத்தி முப்பது அடிக்குள்ள, இடுப்பு உயரத்துக்கு மேல ரெண்டு கன்னாவது நிக்கணும். இல்லைன்னா கோடாலியைத் தொடாதே. கூடு இருக்கிற மரத்தை அந்த வருஷம் விட்டுரு. வேலி ஓரத்து மரத்தைக் கடைசியாத்தான் பார்க்கணும், அது காத்தைத் தடுக்குது. நிலாவைப் பார்த்து வெட்டுறதும் உண்டு. தேய்பிறையில வெட்டினா புழு பிடிக்காதும்பாங்க. ஆசாரிமாரும் அதைத்தான் சொல்றாங்க, நானும் அப்படியே செய்யறேன்.

வெட்டாம விட்டா என்ன ஆகும்? கன்னு எல்லாம் மரமாகும், நிழல் சேரும், புல்லு செத்துரும். கொழுக்கட்டைப் புல்லுக்கு லேசான நிழல் சரி, இருட்டு ஆகாது. புல்லு இல்லைன்னா ஆடு வேலியைக் கடிக்கும். வேலி ஓட்டை விழும். ஓட்டையில ஊரு ஆடெல்லாம் உள்ள வரும். ரெண்டே வருஷத்துல மண்ணு மொட்டையாகும், அப்புறம் சீமைக் கருவேலன் வந்து உட்காரும். இதை நான் புத்தகத்துல படிக்கலை. எனக்கு மேக்கால இருந்த காட்டுல கண்ணால பார்த்தேன்.

அந்தக் காட்டுக்காரர் எனக்குப் பங்காளி முறை. பசங்க கோயமுத்தூர்ல வேலைக்குப் போனாங்க, அவரும் அங்க போயிட்டார். "மரத்தை ஒன்னும் பண்ண வேண்டாம், பாட்டுக்கு இருக்கட்டும்"னு நல்ல எண்ணத்துலதான் விட்டுட்டுப் போனார். பத்து வருஷம் ஒரு கொடுவாள் படலை. பத்தாவது வருஷம் உள்ள நுழையவே முடியலை. புல்லு ஒரு பிடி இல்லை. மேய்ச்சல் குத்தகைக்குக் கேட்க ஆள் இல்லை. வருமானம் இல்லாத நிலத்தை வெச்சு என்ன பண்றதுன்னு பசங்க கேட்டாங்க. அப்புறம் ஒரு நாள் ஜே.சி.பி வந்துச்சு. நல்ல வெள்வேலாமரம், சீமைக் கருவேலன், எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இல்லாத மூனு பக்கத்துக் கிளுவை வேலி, எல்லாம் நாலே நாள்ல தூரோட போச்சு. இப்ப அங்க சோலார் பலகை நிக்குது. சுத்தியும் கம்பி வேலி.

ஒரு மரமும் வெட்டாத காட்டுல இன்னைக்கு ஒரு மரமும் இல்லை. மூனு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுற காட்டுல 150 மரம் நிக்குது. நடுவுல ஒரே ஒரு வேலிதான். சந்தேகம் இருந்தா வந்து பாருங்க.

சோலார் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. கரண்ட் எனக்கும் வேணும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்குக் காத்தாடி போட்டப்பவும் நாங்க குறுக்க நிக்கலை. ஆனா ஒன்னைக் கவனிங்க. ஒரு விவசாயி பதினோரு மரம் வெட்டினா ஃபோட்டோ எடுக்கிறீங்க. அதே விவசாயி நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மொத்தமா அழிச்சா அதுக்கு "பசுமை மின்சாரம்"னு பேரு. பக்கத்துல மனை பிரிச்சு வித்தா அதுக்குப் "பசுமை நகர்"னு பேரு, நுழைவாயில்ல ரெண்டு அலங்காரப் பனை. வெட்டுறதுக்குத்தான் பாவம்னு பேரு, அழிக்கிறதுக்கு நல்ல பேரா வெச்சிருக்கீங்க.

சரி, வெட்டின மரம் எங்க போகுது? அதையும் மறைக்காமச் சொல்றேன்.

நல்ல நேர்த்தியான தடி ஏழெட்டு என் பட்டிக்கே வேணும். பட்டிக் கால், படல், மாட்டுக்கொட்டாய்க்கு ஊணு. முன்னெல்லாம் கலப்பைக்கும் நுகத்தடிக்கும் வண்டிக்கும் போகும், இப்ப அதுக்குத் தேவை நெம்பக் குறைஞ்சு போச்சு. கிளை விறகு வீட்டு அடுப்புக்கும், ஊருக்குள்ள கல்யாணம் காதுகுத்துன்னா அங்கேயும் போகும். சுள்ளியை முள்ளோட வேலி ஓட்டை அடைக்க வெச்சுக்குவேன். பட்டையை ஒரு காலத்துல தோல் பதனிடவும் கொடுத்திருக்காங்க, சாராயம் காய்ச்சவும் திருட்டுத்தனமா உரிச்சிருக்காங்க. பட்டைச் சாராயம்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தப் பட்டை இந்த மரத்துதுதான். மிச்சமெல்லாம் விறகு லாரி. இந்தத் தடவை ஒன்பது டன் வந்துச்சு. வெட்டுக் கூலி, ரம்ப வாடகை, ஏத்துக் கூலி எல்லாம் போக டன்னுக்கு 2,000 நின்னுச்சு. மொத்தம் 18,000 ரூபாய். மூனு வருஷத்துக்கு ஒருக்கா.

அந்த லாரி எங்க போகுதுன்னு தெரியுங்களா? திருப்பூருக்கு. அங்க நிறைய சாயப்பட்டறையில பாய்லர் எரியறது விறகுலதான். நீங்க போட்டிருக்கிற பனியனுக்கும் டீ-சர்ட்டுக்கும் சாயம் ஏத்தின ஆவி, எங்கயோ ஒரு காட்டுல வெட்டின மரத்துல இருந்து வந்திருக்கலாம். "மரத்தைக் காப்போம்"னு எழுதின டீ-சர்ட்டும் அதுல ஒன்னா இருக்கலாம். கேலி பண்றேன்னு நினைக்காதீங்க. விறகு எரியறது தப்புன்னு நான் சொல்லலை. ஒழுங்கா வெட்டி, கன்னு விட்டு, மறுபடி வளர்த்து எரிச்சா அது கேவலம் இல்லை. நம்ம வாழ்க்கையில மரமே இல்லைங்கிற மாதிரி நடந்துக்கிட்டு, கண்ணுக்கு முன்னாடி வெட்டுறவனை மட்டும் குத்தவாளி ஆக்கறதுதான் தப்பு.

உங்க வீட்டையே சுத்திப் பாருங்க. கதவு, கட்டில், அலமாரி. தேக்குன்னா அது பர்மாவுல இருந்தோ ஆப்பிரிக்காவுல இருந்தோ தூத்துக்குடி துறைமுகத்துல வந்து இறங்கின தடியா இருக்கலாம். அங்க எந்தக் காட்டை எப்படி வெட்டினாங்க, கன்னு விட்டாங்களா, கூடு பார்த்தாங்களான்னு யாராவது கேட்டீங்களா? பிளைவுட்னா பெரும்பாவூர்ல ரப்பர் மரத்துல செஞ்சதா இருக்கலாம். அதுவும் மரம்தான், அதையும் ஒருத்தன் வெட்டினான். தூரத்துல வெட்டினா உங்களுக்கு வலிக்கலை. வெட்டுறவன் முகம் தெரியாததால அது "ஃபர்னிச்சர்" ஆயிருது. இங்க என் முகம் தெரியறதால இது கொலை ஆயிருது.

எங்க ஊருல வேம்பு, வாகை, பூவரசு, வேல் எல்லாம் இருக்குது. எங்க வீட்டு நெலவு வேம்புல செஞ்சது, அப்பாரு காலத்துது, ஒரு புழு தொடலை. இன்னைக்கு நாட்டு மரத்துல கதவு செய்யச் சொல்லிக் கேட்டு வர்ற ஆள் எத்தனை பேரு? கேட்க ஆள் இல்லாததால நல்ல வேம்பும் விறகு விலைக்குப் போகுது. விறகு விலைக்குப் போற மரத்தை எவன் நாப்பது வருஷம் வெச்சுக் காப்பாத்துவான்? ஒரு வாகையை வெட்டிச் செக்கு செஞ்சாங்க பாருங்க, அந்த மரத்துக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. எண்ணெய் வாங்கின உங்களாலதான் அந்த மதிப்பு வந்துச்சு. அதுக்கு நன்றி. ஆனா அந்தச் செக்கு ஒரு மரம்ங்கிறதையும், அதை ஒருத்தன் நட்டோ காத்தோ வளர்த்து, ஒரு நாள் வெட்டினான்ங்கிறதையும் சேர்த்து நினைக்கணும்.

"அப்படின்னா சட்டம் போட்டுத் தடுத்தாத்தான் மரம் நிக்கும்"னு சிலபேர் சொல்றாங்க. தடுத்த மரத்தோட கதையைக் கேளுங்க.

சந்தன மரத்துக்கு என்ன ஆச்சு? நம்ம பட்டா நிலத்துல முளைச்சாலும் அது நமக்குச் சொந்தம் இல்லைன்னு ரொம்ப காலம் இருந்துச்சு. திருட்டுப் போனா நம்மளைத்தான் கேள்வி கேப்பாங்க. அதனால வேலி ஓரத்துல சந்தனக் கன்னு தெரிஞ்சா எங்காளுக என்ன பண்ணுவாங்க தெரியுங்களா? யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி பிடுங்கிப் போட்டுருவாங்க. நானே சின்ன வயசுல பிடுங்கியிருக்கேன். 2002ல சட்டத்தை மாத்தி, நிலத்துக்காரனுக்குத்தான் மரம் சொந்தம்னாங்க. அதுக்கு அப்புறம்தான் சந்தனம் நடலாம்ங்கிற பேச்சே விவசாயிக வாயில வந்துச்சு. இன்னமும் வெட்டுறதுக்கும் விக்கிறதுக்கும் வனத்துறை மூலமாத்தான் போகணும், அது வேற கதை.

மூங்கிலைப் பாருங்க. அது புல்லு வகை. ஆனா வனச் சட்டத்துல மரம்னு எழுதி வெச்சிருந்தாங்க. காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கிலை அந்தக் கணக்குல இருந்து எடுக்க 2017 ஆச்சு. நம்ம நிலத்து மூங்கிலை நாம ஏத்திட்டுப் போறதுக்குச் சுதந்திரம் வாங்கி எழுவது வருஷம் காத்திருக்கணும்னா, அதை எவன் நடுவான்?

பனைக்கு 2021ல கலெக்டர் அனுமதி வாங்காம வெட்டக்கூடாதுன்னாங்க. இதை நான் எதிர்க்கலை. செங்கல் சூளைக்கு லாரி லாரியா பனை போனதை நாங்க எல்லாரும் பார்த்தோம். அதைத் தடுக்கத்தான் வேணும். ஆனா ஒன்னு. தடையால பனை நிக்கும், பனை ஏறுற ஆள் நிப்பானா? ஏற ஆள் இல்லாத பனை, பதநீர் இல்லாத பனை, ஓலைக்கு விலை இல்லாத பனை, அனுமதி கிடைக்கிற அன்னைக்கு விழுந்துரும். தடை கொஞ்ச நாள் தாங்கும். பொழப்புதான் காலத்துக்கும் தாங்கும்.

இப்ப என் பக்கத்துத் தப்பையும் சொல்லணும். இல்லைன்னா இது பட்டிமன்றப் பேச்சா போயிரும்.

விவசாயி எல்லாம் மகான் இல்லை. மகளுக்குக் கல்யாணம்னா மொத்தக் காட்டையும் ஒரே விலைக்குப் பேசி விட்டவங்க உண்டு. கன்னைப் பார்க்காம, கூட்டைப் பார்க்காம மிஷின் ரம்பத்தை விட்டு ஒரே நாள்ல மொட்டை அடிக்கிறவங்க உண்டு. முன்னே கோடாலியில ஒரு மரம் வெட்ட ஒரு நாள் ஆகும், யோசிக்க நேரம் இருந்துச்சு. இப்ப அஞ்சு நிமிஷம். நானும் யோக்கியன் இல்லை. 2016ல வடகிழக்குப் பருவமழை அடியோட பொய்ச்சுது. அடுத்த கோடையில தீவனம் வாங்கக் காசு இல்லை. அப்பாரு முறையை ஓரமா வெச்சுட்டு முப்பது மரத்தை வித்தேன். தெக்கால மூலையில மொத்தமா வெட்டினேன். கையில காசு இருந்துச்சு, அது தீவனமா ஆட்டு வயித்துக்குள்ள போச்சு. அந்த மூலையில அடுத்த ரெண்டு வருஷம் வெயில் நேரா இறங்கி, புல்லு தூரோட கருகிடுச்சு. இன்னைக்கும் அந்த இடத்துல புல்லு பக்கத்து இடத்தை விடக் கம்மிதான். கன்னு இப்பத்தான் ஆள் உயரம் வந்திருக்குது. நான் மொத்தமா வெட்டினதைப் படம் எடுத்து யாராவது திட்டியிருந்தா, அன்னைக்கு வாயைப் பொத்திக் கேட்டிருப்பேன்.

அதனால "வெட்டாதே"ன்னு சொல்லாதீங்க. "எப்படி வெட்டுறே?"ன்னு கேளுங்க. எத்தனை வெட்டினே, எத்தனை விட்டே, கன்னு எங்க, கூடு பார்த்தியா, வேலி நல்லா இருக்கான்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். நல்ல பண்ணையக்காரனுக்கு அந்தக் கேள்வி சந்தோஷம். மொட்டை அடிக்கிறவன்தான் அதுக்குப் பதில் இல்லாம நிப்பான்.

இன்னொரு விஷயம். 2017 சனவரியில நீங்க மெரினாவுல நின்னீங்க. நாட்டு மாட்டுக்காக, குளிர்ல, ராத்திரியில செல்ஃபோன் வெளிச்சத்துல நின்னதை நாங்க இங்க டிவியில பார்த்துக் கண்ணு கலங்கினோம். உண்மையாத்தான் சொல்றேன். ஆனா அந்தக் காங்கேயம் காளை என்னத்தைத் தின்னு அந்தத் திமிலை வளர்த்துச்சுன்னு யாரும் கேட்கலை. கொறங்காட்டுப் புல்லும் வெள்வேலாங்காயும் தின்னுதான். வறட்சியில நடந்து நடந்து மேஞ்சு, முள்ளுக்குள்ள வாயை விட்டுத் தின்னு பழகின மாடு அது. காட்டை விட்டுட்டு மாட்டை மட்டும் காப்பாத்தினா, கொட்டாயில கட்டிப் போட்டுப் படம் எடுக்கத்தான் ஆகும். வாடிவாசலுக்கு அவ்வளவு பேரு வந்தீங்க. மேயற காட்டுக்கு ஒரு ஆள் வரலையே.

அரசாங்கக் கணக்கையும் சொல்லிடறேன். 2022ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு ஆரம்பிச்சாங்க. காடும் மரமும் சேர்ந்து மாநிலத்துல 33 சதவீதம் ஆகணும்ங்கிறாங்க. நல்ல விஷயம், நானும் கன்னு வாங்கிட்டு வந்து வேலியில நட்டேன். ஆனா 150 மரமும், முயலும் கவுதாரியும் முள்ளெலியும் குடியிருக்கிற வேலியும் உள்ள என் காட்டுக்கு அடங்கல்ல என்ன பேரு தெரியுங்களா? தரிசு. உழுது விதைக்காத நிலம் எல்லாம் தரிசு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா உழுது கொள்ளு போடற வருஷம் மட்டும் அது நிலம். தரிசுன்னு எழுதி இருக்கிறதாலதான், "சும்மா கிடக்கிற நிலம் தானுங்களே"ன்னு சொல்லிட்டு புரோக்கருக தேடி வர்றாங்க.

என்கிட்டயும் வந்தாங்க. போன மாசம் ரெண்டாவது தடவை. ஏக்கருக்கு வருஷத்துக்கு 30,000 ரூபாய். ஆறு ஏக்கருக்கு 1,80,000. வெயில், மழை, ஆட்டு நோய் எதுவும் பார்க்க வேண்டாம், வீட்டுல உட்கார்ந்தா வங்கிக் கணக்குல வரும். என் காட்டுக் கணக்கு இது: பதினெட்டு ஆடும் ரெண்டு மாடும் செலவு போக நல்ல வருஷத்துல 90,000 தரும். பட்டிக்குத் தேவையானது போக வித்த நெத்து ஒரு 10,000. விறகு வருஷத்துக்கு 6,000ன்னு வெச்சுக்கங்க. மொத்தம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. மழை பொய்ச்சா அதுவும் இல்லை.

பையன் கேட்டான், "ஏம்ப்பா, 75,000 ரூபாய் வித்தியாசம். எதுக்காக?" அவன் கேட்டது தப்பில்லை. நான் என் கணக்கைத்தான் சொன்னேன். விறகு 6,000 சின்னக் காசுதான். ஆனா அந்த வெட்டு இல்லைன்னா வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லைன்னா புல்லு இல்லை, புல்லு இல்லைன்னா 90,000 இல்லை. வெட்டுறதை நிறுத்தினா பத்து வருஷத்துல இந்தக் கணக்குல என் பக்கம் பூஜ்யம். அப்ப புரோக்கர் மூனாவது தடவை வந்தா நான் எதைக் காட்டி வேண்டாம்னு சொல்றது? "மரத்தை வெட்டாதீங்க அங்கிள்"னு சொன்னவங்க வந்து அந்த வித்தியாசத்தைத் தரப்போறாங்களா?

நான் காசு கேட்கலை. மூனு விஷயம்தான் கேட்கிறேன்.

ஒன்னு, அடுத்த தடவை கதவோ மேசையோ செய்யறப்ப ஆசாரிகிட்ட நாட்டு மரம் கேளுங்க. வேம்பு இருக்கா, வாகை இருக்கா, எந்த ஊரு மரம்னு கேளுங்க. நீங்க கேட்டா அவர் எங்களைக் கேட்பார். விறகு விலைக்குப் போற மரம் கன அடி விலைக்குப் போச்சுன்னா, நாங்க நாப்பது வருஷம் என்ன, அறுவது வருஷம் வெச்சிருப்போம்.

ரெண்டு, மரம் நடறதுக்குக் காட்டுற ஆசையில கால்வாசியை, இருக்கிற காட்டைக் கணக்குல சேர்க்கிறதுக்குக் காட்டுங்க. உங்கள்ல பத்திரிகையில இருக்கிறவங்க, அதிகாரியா இருக்கிறவங்க இருப்பீங்க. கொறங்காட்டுக்குத் தரிசுன்னு பேர் இருக்கிற வரைக்கும் அதைக் காப்பாத்த முடியாது. மேய்ச்சக் காடுன்னு ஒரு பேர் கொடுக்கச் சொல்லுங்க.

மூனு, கொடுவாளோட ஒருத்தனைப் பார்த்தா உடனே ஃபோனை எடுக்காதீங்க. கொஞ்சம் நின்னு கேளுங்க.

அந்தச் சென்னைத் தம்பிக்கு இதைப் பையன் மூலமா அனுப்பி வைக்கப் போறேன். அம்மிணி, அது பட்டுப்போன மரம் இல்லை. உன் வயசு இருக்கும் அந்த மரத்துக்கு. அதைச் சுத்தி நாலு கன்னு நின்னுச்சு, நீ மரத்தைப் பார்த்த அவசரத்துல அதைப் பார்க்கலை, நானும் காட்டலை. இந்த ஐப்பசி மழைக்கு வெளிச்சம் பட்டு நல்லா எந்திரிச்சிருக்குது. ஒன்னை மட்டும் எடுத்துட்டு மூனை விடலாம்னு இருக்கேன். தை மாசம் புல்லு காயறதுக்கு முன்னாடி குழந்தைகளைக் கூட்டிட்டு வா. எந்த மூனுன்னு நீயும் பார்த்துச் சொல்லு.